இரண்டடி ஏழு அங்குலம்

இதில் முக்கியமான எதையும் நான் என் கண்ணால் பார்க்கவில்லை மேடம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்கள் "நீ பார்த்தியா?" என்று கேட்டால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அமுலு அக்கா செத்த அன்று நான் திருச்சியில், கல்லூரி விடுதியில் இருந்தேன். டில்லிபாபு அண்ணனின் கை உடைந்ததும் அதே நாள்தான். எனக்குச் சொன்னவர் நவநீதம் அத்தை, அப்பாவின் அக்கா. அத்தை ஒன்றைச் சொன்னால் பாதி வாயால் சொல்வார், பாதி நடித்துக் காட்டுவார். அப்பாவும் கொஞ்சம் சொன்னார். அப்பா சொன்னது மொத்தமாகப் பத்து வாக்கியம் இருக்கும்.

நீங்கள் சாப்பிடுங்கள் மேடம். டிபன் பாக்ஸை மூட வேண்டாம். நான் இந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டு ஒதுக்கீட்டுக் குலுக்கல் என்று வெளியே ஒட்டியிருக்கிறீர்கள். எங்கள் பிளாக்கில் இருந்த பதினாறு குடும்பத்தில் பதினைந்து பெயர் பட்டியலில் இருக்கிறது. டில்லிபாபு அண்ணன் பெயர் இல்லை. நான் கொண்டுவந்திருக்கும் இந்தக் கடிதத்தை இன்றைக்கு நீங்கள் வாங்கிக்கொண்டால் அவருக்கும் இந்தக் கட்டடத்தில் ஒரு வீடு கிடைக்கலாம். நாளைக்கு மேல் வாங்கினால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு பக்கம்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் கடிதத்தை மட்டும் படித்தால் புரியாது. அதனால்தான் சொல்கிறேன்.

இந்தப் பதினான்கு மாடி நிற்கிற இடத்தில்தான் எங்கள் எஃப் பிளாக் இருந்தது. தரைத்தளம், மேலே மூன்று மாடி, தளத்துக்கு நான்கு வீடு. அதற்கு முன்னால் இங்கே கால்வாய்க் கரைக் குடிசைகள். ஒரு கோடையில் எல்லாம் எரிந்துபோக, அரசாங்கம் மாடி கட்டிக் கொடுத்தது. அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. சாவி கொடுத்த அன்று மாலை போட்டுப் படமெல்லாம் எடுத்தார்களாம். எங்கள் ஆட்களுக்குப் படி ஏறிப் பழக்கமில்லை. முதல் வாரத்திலேயே மூன்று பேர் உருண்டு விழுந்து கை கால் ஒடித்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி உட்கார்ந்தே இறங்குவாராம்.

அதைவிடப் பெரிய சிக்கல், தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் இருப்பது. மேல்வீட்டில் மிளகாய் இடித்தால் கீழ்வீட்டில் சோற்றில் சுண்ணாம்பு உதிரும். ஒரு தடவை கீழ்வீட்டுக்காரர் மேலே போய் உரலைத் தூக்கிப் படியில் உருட்டிவிட்டார். அது ஒருத்தர் பாதத்தின் மேல் இறங்கி ஐந்து விரலும் போய்விட்டன. பிறகு பிளாக்கே கூடி ஒரு முடிவு எடுத்தது. எதை இடித்தாலும், அரைத்தாலும், தைத்தாலும் அடியில் பழைய லாரி டயர் போட வேண்டும். உரலுக்கு டயர், தையல் மிஷினுக்கு டயர், துணி துவைக்கிற கல்லுக்கு டயர். புதுசாகக் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் விஷயமே இதுதான். டயர் இல்லாமல் அம்மியை இறக்கினால் அடி விழும். நிஜமாகவே விழும்.

டயரை மறந்துவிடாதீர்கள் மேடம். பின்னால் வரும்.

எங்கள் வீடு தரைத்தளத்தில் ஒன்றாம் எண், வடகிழக்கு மூலை. அப்பா தணிகாசலம், காகித மண்டியில் லோடுமேன். அம்மா நான் ஏழாவது படிக்கும்போது காலமாகிவிட்டார். அதன்பிறகு ஒரு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டவர் இரண்டாம் மாடி அமுலு அக்கா. டில்லிபாபு அண்ணன் அதே தரைத்தளத்தில் நான்காம் எண். ஜன்னலை உடைத்து கவுண்ட்டர் வைத்துக் கோழிக்கறிக் கடை நடத்தினார். அவரும் அப்பாவும் சிறு வயதிலிருந்து ஒன்றாக இருந்தவர்கள், மச்சான் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

நான் பத்தாவது வந்தபோது மண்டியில் பழைய மேசை ஒன்றை வேண்டாமென்று ஒதுக்கினார்கள். தேக்கு மேசை, இரண்டு இழுப்பறை. அப்பா அதை மீன்பாடி வண்டியில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தார். பதினாறு வீட்டிலும் மேசை இருந்த ஒரே வீடு எங்களுடையதுதான். ஆனால் உள்ளே போகவில்லை. பத்துக்குப் பத்து அறையில் கட்டிலுக்கும் மூலைக்கும் நடுவில் ஒரு நான்கு விரல் இடம் போதவில்லை. "இருக்கட்டும்பா, நான் கட்டில்லயே உக்காந்து படிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் பள்ளிக்கூடம் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மேசை மூலையில் கச்சிதமாக நிற்கிறது. "எப்டிப்பா?" என்றேன். "தள்னேன். போச்சு" என்றார். சிமெண்ட் வாசனை அடித்தது. எலிப் பொந்தை அடைத்ததாகச் சொன்னார். மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வரும், மேசைக்கால் ஊறிப்போகும் என்று நான்கு காலுக்கும் அடியில் கட்டை வைத்திருந்தார். நான் அழுதேன். அந்த மேசையில் படித்துத்தான் மேடம் எங்கள் வம்சத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனேன்.

இதையெல்லாம் நான் அப்போது எப்படி நினைத்தேனோ அப்படியே சொல்கிறேன். இப்போது நினைப்பதை நடுவில் கலந்தால் எனக்கே குழம்பிவிடும்.

அது நான் இரண்டாம் வருஷம் படித்தபோது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. மூன்று நாள் அடித்த மழை விட்டு வெயில் வந்திருந்தது. தண்ணீர் லாரி வந்து போயிருந்தது. அமுலு அக்கா எங்கள் வீட்டு வாசல் ஓரத்தில் குடங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக மேலே எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். அத்தை பக்கத்தில் தன் வீட்டு வாசலில் தலை காயவைத்துக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு கொடந்தான் அத்த, அப்பறம் ஒனக்குப் பேன் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அமுலு அக்கா குனிந்தார்.

"சத்தம் மொதல்ல வர்ல பாப்பா" என்பார் அத்தை. "காத்து வந்துச்சு. மூஞ்சில அறைஞ்ச மாரி ஒரு காத்து. அப்பறந்தான் சத்தம்."

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்த முதல் மாடி பால்கனி மூலையோடு பிய்த்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. புழுதி அடங்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் மட்டும் ஓடிவந்தது. அது சிவப்பாக இருந்தது.

எட்டு பேர் சேர்ந்து காங்கிரீட்டைத் தூக்கினார்கள். முன்னால் நின்று தோள் கொடுத்தவர் டில்லிபாபு அண்ணன். கம்பி கிழித்து அவருடைய இரண்டு உள்ளங்கையும் பிளந்துவிட்டன. "ம், ஏத்து, ஏத்து, விட்றாத" என்று கத்திக்கொண்டே தூக்கினாராம். அடியில் அமுலு அக்கா இருந்தார். வளையல் போட்ட கை மட்டும் முழுசாக இருந்தது. மற்றதை அத்தை நடித்துக் காட்டவில்லை. அந்த இடத்தில் மட்டும் அத்தை கையை மடியில் வைத்துக்கொள்வார்.

அமுலு அக்காவுக்கு இரண்டு அண்ணன்கள், டி பிளாக்கில். அவர்கள் ஓடிவந்தார்கள். பெரியவர் தங்கையைப் பார்த்தார். பிறகு கட்டடத்தைப் பார்த்தார். இடிபாட்டிலிருந்து ஒரு கம்பியை உருவி எடுத்துக்கொண்டு சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்துக் கத்தினார்.

"எவன்டா செவுத்த ஒடச்சவன்? எவன்டா இந்தக் கட்டடத்தக் கொடஞ்சவன்? இன்னிக்கி ஒருத்தன் சாவணும். எவன்னு சொல்லுங்கடா!"

ஒருத்தரும் பேசவில்லை. ஏனென்றால் மேடம், எல்லார் வீட்டிலும் ஏதாவது ஒன்றை உடைத்திருந்தார்கள். ஒருத்தர் அலமாரிக்காக, ஒருத்தர் ஏசிக்காக, ஒருத்தர் சாமி மாடத்துக்காக. அத்தையே சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்து வாங்குவார்.

அப்பா கூட்டத்தில் நின்றிருந்தார். தூக்கிய எட்டு பேரில் அவரும் ஒருத்தர். "ஒங்கப்பன் மூஞ்சி சாம்பலாக் கீது. வாய் தொறந்துகினே கீது. நான் கூப்புடறேன், காது கேக்கல" என்றார் அத்தை. இருக்காதா? சோறு போட்ட கை அது. அப்பா தன் வீட்டைப் பார்த்தார், வாசலில் கிடந்ததைப் பார்த்தார், அமுலு அக்காவின் அண்ணன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு அவர்தான் வாயைத் திறந்தார்.

"கோழிக்கடைல ஜன்னல ஒடச்சு கவுண்ட்டர் வச்சது யாரு? பன்னெண்டு வருசமா தொம்மு தொம்முன்னு கத்தியால போட்டுகினு கீறானே, அவன் யாரு?"

அவ்வளவுதான். பதினாறு வீட்டுத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

கடை நான்காம் எண். விழுந்தது ஒன்றாம் எண்ணுக்கு மேலே. நடுவில் இரண்டு வீடும் படிக்கட்டும் இருக்கின்றன. அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. நானும் பிறகு நெடுநாள் யோசிக்கவில்லை.

அப்பா வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியிலிருந்து சுத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். கனமான சுத்தி, உளி அடிக்கிறது. லோடுமேன் வீட்டில் அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். தேங்காய் உடைக்க வைத்திருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

டில்லிபாபு அண்ணன் கடைக்குள் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கிழிந்த கையை. அப்பாவைப் பார்த்ததும், "இன்னா மச்சான், தண்ணி வோணுமா?" என்று கேட்டாராம். இதைச் சொன்னது அத்தை இல்லை, அப்பா. அப்பா சொன்ன பத்து வாக்கியத்தில் இது ஒன்று.

அப்பா அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்து, கறி வெட்டுகிற புளியமரத் துண்டின் மேல் வைத்து, அடித்தார். மூன்று அடி. முதல் அடியில் டில்லிபாபு அண்ணன் கத்தவில்லை. அவருக்குப் புரியவில்லை. இரண்டாவதில்தான் கத்தினார். மூன்றாவதில் அமுலு அக்காவின் அண்ணன்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் எங்கே அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கவுண்ட்டரின் மேலேயே இழுத்து வெளியே போட்டார்கள். கம்பி, கல், கால். பதினெட்டு வயதுப் பையனிலிருந்து பேரன் எடுத்த ஆள்வரை மிதித்தார்கள். அவர் மனைவி கஸ்தூரி அக்கா மேலே விழுந்து மறைத்தார். அவரை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். "நான்தான் இழுத்தேன். இன்னா இப்போ?" என்பார் அத்தை. சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்ப்பார். கஸ்தூரி அக்காவின் ஒரு காதுத் தோடு அத்தையின் விரலோடு வந்துவிட்டதாம்.

கோழிக் கூண்டைத் தூக்கி எறிந்ததில் கதவு திறந்துகொண்டது. நாற்பது கோழியும் வெளியே வந்து இடிபாட்டின் மேல் ஏறி மேய ஆரம்பித்தன. "அந்த ரத்தத்துலயும் எட்டாம் நம்பர்காரன் ரெண்டு கோழிய அக்குள்ல அமுக்கினு பூட்டான் பாப்பா" என்று சொல்லி அத்தை சிரிப்பார். நானும் சிரித்தேன். ஃபோனில் கேட்டபோது சிரித்தேன்.

டில்லிபாபு அண்ணன் சாகவில்லை. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கையில் மூன்று விரல் நிமிரவே இல்லை. போலீஸ் வந்து கேட்டபோது பிளாக் முழுக்க ஒரே பதில். கூட்டம், யாரென்று தெரியாது.

கேஸ் வந்துவிடுமோ என்று எல்லாருக்கும் பயம். அதனால்தான் மனு. முந்திக்கொண்டு நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பு அவன் மேல் நிற்கும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அத்தை ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் பிளாக்கே இருந்தது.

"பாப்பா, மோனிஷா, நீதான் எய்தணும். இங்க எவனுக்கும் எய்த வராது."

"என்ன அத்தை எழுதணும்?"

"அவன் ஒடச்சதால வியிந்துச்சுன்னு எய்து. ஆபீசர் படிச்சா ஆடிப்போவணும்."

"இத இடிச்சுக் கட்டும்போது அவனுக்குப் புது வீடு குடுக்கக் கூடாதுன்னு போடும்மா" என்று இன்னொரு குரல்.

"அப்பா இருக்காரா? அப்பா, உண்மையா அதனாலதானா?" என்று கேட்டேன். கேட்டேன் மேடம். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு அப்பா குரல். "எய்து பாப்பா."

விடுதி மொட்டை மாடியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினேன். மூன்று தடவை அடித்துத் திருத்தினேன். 'மேற்படி நபர் தமது சுயலாபத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாக இடைவிடாது ஏற்படுத்திய அதிர்வினால் கட்டடத்தின் அடித்தளம் நிலைகுலைந்து' என்று ஒரு வரி. அதில் 'நிலைகுலைந்து' வந்து விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 'சமூக விரோத மனப்பான்மை' என்பதை நானேதான் சேர்த்தேன், யாரும் சொல்லவில்லை. பதினைந்து குடும்பமும் கையெழுத்துப் போட்டது. நான் படித்த படிப்பு எங்கள் ஆட்களுக்கு முதன்முதலாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். மூன்று நாள் கால் தரையில் பாவவில்லை எனக்கு.

இடித்ததை மட்டும் நான் பார்த்தேன். பிப்ரவரியில். கட்டடம் வசிக்கத் தகுதியில்லை என்று நோட்டீஸ் ஒட்டி எல்லாரையும் வெளியேற்றியிருந்தார்கள். கதவு, ஜன்னல், மேசை எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துவிட்டோம். மஞ்சள் நிற மெஷின் நான்காம் எண் பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. கையை ஓங்கி ஒரு குத்து. கோழிக்கடை போனது. இன்னொரு குத்து. படிக்கட்டு அப்படியே மடிந்து உட்கார்ந்தது. உள்ளே ஒவ்வொரு வீட்டுச் சுவரின் நிறமும் வெளியே தெரிந்தது. ரோஸ், பச்சை, ரோஸ். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தை டிரைவரைப் பார்த்து, "நாசமாப் போறவனே, மெதுவா இடிடா, வலிக்கும்" என்று கத்தினார்.

மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினார். கையில் அந்தச் சுத்தி. மூலைத் தூணுக்கு முன்னால் மண்டியிட்டு அடிக்க ஆரம்பித்தார். தூணின் கீழ்ப்பாதியை மட்டும். வெறி பிடித்த மாதிரி அடித்தார். கை தோல் உரிந்து பிடியில் ரத்தம். போலீஸ்காரர் இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை. ஒருத்தர் லத்தியால் முழங்காலில் போட்டார். அப்பா விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே இன்னொரு அடி அடித்தார். "சின்னதுலேந்து வளந்த வீடு, தாங்கல அவனுக்கு" என்று எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே ஃபோனில் படம் எடுத்தேன். இப்போதும் இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன்.

அதோடு முடிந்திருக்கும் மேடம். வாடகை வீட்டுக்குப் போனோம். நான் படிப்பை முடித்தேன், வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே இந்தக் கட்டடம் ஒவ்வொரு மாடியாக எழும்பியது. ஒவ்வொரு பண்டிகைக்கும் அப்பாவைக் கூட்டிவந்து காட்டுவேன். நிமிர்ந்து எண்ணுவார். "இதுல எவனும் கை வைக்க முடியாதில்ல பாப்பா? ஃபுல்லா காங்கிரீட்டுதானே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீங்கள் முதல் பட்டியல் ஒட்டினீர்கள். பார்க்க வந்தேன். எங்கள் பெயர் இருந்தது. படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பின்னால் கஸ்தூரி அக்கா. கூடவே டில்லிபாபு அண்ணன். வலது கையைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

"யாரு, தணிகாசலம் பொண்ணா?" என்றார் கஸ்தூரி அக்கா. "பெரிய ஆளாய்ட்ட. நீ படிச்ச பொண்ணுதானே, இத கொஞ்சம் படிச்சு சொல்லு. எங்க பேர ஏன் எடுத்தாங்கன்னு கேட்டதுக்கு இத ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தாங்க. எனக்குக் கண்ணும் தெரியல, எயுத்தும் தெரியல."

என் மனு மேடம். என்னுடைய மனு.

படித்தேன். வேறு என்ன செய்வது? பட்டியல் ஒட்டியிருந்த தகரக் கொட்டகை நிழலில் நின்று முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்தேன். 'சமூக விரோத மனப்பான்மை' வந்த இடத்தில் நின்றுவிட்டேன். "தண்ணி குடி" என்று கஸ்தூரி அக்கா பாட்டிலை நீட்டினார். அவர் தலையைச் சாய்த்தபோது ஒரு காதின் கீழ்ப்பகுதி பிளந்து இரண்டாகத் தொங்குவதைப் பார்த்தேன். டில்லிபாபு அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நல்லா எய்திகிறான்" என்றார். "வக்கீல் எய்திருப்பான். ஆமா, அதிர்வுன்னா இன்னா பாப்பா?"

"நீங்க வெட்டும்போது... தரை அதிரும் இல்லண்ணே. அது."

"டயரு போட்டுதானே வெட்னேன்?"

நான் ஜெராக்ஸின் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.

"கீய்வீடுதான், அடியில யாரும் கெடையாது. இருந்தாலும் செவுரு வயியா மேல போவும்னு டயரு போட்டேன். லாரி டயரு. ஒங்கப்பன்தான் ஒரு நாள் மீன்பாடி வண்டில வச்சுத் தள்ளிகினு வந்து குடுத்தான். டயரு மேல வச்சு வெட்னா அதிருமா பாப்பா? நீ படிச்சவ. சொல்லு."

"அதிராதுண்ணே" என்றேன்.

"அதத்தான் நானும் இவங்ககிட்ட சொல்றேன்" என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கஸ்தூரி அக்காவுக்குத்தான் கோபம் இருந்தது. ஜெராக்ஸை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "ஒங்கப்பன்தான் மொதல் அடி. எனக்கு அதுதான் இன்னிக்கி வரைக்கும் வெளங்கல. செத்தவளுக்குக் கூடப் பொறந்தவன் அடிச்சான், செரி. இவன் ஏன் மொதல் அடி அடிச்சான்? கேட்டுச் சொல்லு."

நான் அப்பாவிடம் கேட்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். இடிப்பதற்கு முன்னால் பொறியாளர்கள் வந்து அளந்து போனதாக அத்தை சொன்னது எனக்கு நினைவிருந்தது. அவர்கள் அறிக்கை ஒரு கோப்பில் இருந்திருக்கிறது, எங்கள் மனு வேறொரு கோப்பில். இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் படிக்கவில்லை. முந்தாநாள் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் தமிழில் எழுதி கடிதத்தோடு இணைத்திருக்கிறேன்.

நான்காம் எண் வீட்டு ஜன்னலுக்கும் பால்கனி விழுந்ததற்கும் சம்பந்தமில்லை, அது சுமை தாங்குகிற சுவரே இல்லை என்று ஒரு பத்தி. அதற்கு அடுத்த பத்தி ஒன்றாம் எண் வீடு. வடகிழக்கு மூலைத் தூண், அறையின் உட்பக்கம். தரையிலிருந்து 790 மில்லிமீட்டர் உயரம்வரை, ஐந்து அங்குல ஆழத்துக்கு, கைக்கருவியால் செதுக்கப்பட்டிருக்கிறது. நான்கு கம்பியில் இரண்டு அறுக்கப்பட்டிருக்கின்றன. மேலே சிமெண்ட் பூசி மறைக்கப்பட்டிருக்கிறது. புகைப்படமும் இருக்கிறது. கைக்கருவியால் என்று மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். எதற்காக என்று போடவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை மேடம். அவருக்குத் தூண் என்றால் என்ன என்று தெரியாது. துருத்திக்கொண்டிருக்கிற சுவர் என்று நினைத்திருப்பார். அது தெரிந்தபோது வாசலில் அமுலு அக்கா கிடந்தார். அடுத்தவர் கையில் கம்பி இருந்தது. நான் அவருக்காகப் பேசவில்லை. எழுதியிருக்கிறேன், எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். முதல் அடி யாருடையது என்பதும் இதில் இருக்கிறது. பழைய மனுவை எழுதியது யார் என்பதும் இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அப்பா பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பீர்களா, போலீசுக்கு அனுப்புவீர்களா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றை மட்டும் கேட்டதை வைத்து எழுதவில்லை. ஒரு தடவை அப்படி எழுதிவிட்டேன், போதும்.

நேற்றுக் காலை டேப் வாங்கிவந்து வாடகை வீட்டில் மேசையை அளந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நான் தரையிலிருந்து மேல்பலகைவரை டேப்பை இழுத்து, எண்ணைப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"கட்டையோட சேத்தா அளந்த?"

"ஆமாப்பா. கட்டையோட சேத்துத்தான்."

தலையை ஆட்டினார்.

மேசை இருபத்தொன்பது அங்குலம், கட்டை இரண்டு அங்குலம் மேடம். 790 மில்லிமீட்டரை அடியில் மாற்றி மூன்று தடவை சரிபார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். இரண்டடி ஏழு அங்குலம்.